ஆத்தா வேண்டாமென்ற வண்டி

இதை எனக்குச் சரியாகச் சொல்ல வருமா என்றே பயமாக இருக்கிறது. எதைச் சொன்னாலும் நான் வாலில் தொடங்கித் தலையில் முடிப்பேன் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்வார். நடுவில் எதையாவது விட்டுவிட்டேன் என்றால் கேட்டுவிடுங்கள். இல்லை, கேட்காதீர்கள். கேட்டால் குழம்பிவிடுவேன்.

நீங்கள் ஏறியதிலிருந்து என் மடியைத்தானே பார்க்கிறீர்கள்? பார்க்கலாம், தப்பில்லை. கரை வைத்த சேலையும் கட்டிக்கொண்டு, இத்தனை பெரிய ஹெல்மெட்டையும் மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போகிற பொம்பளையை நானும்தான் பார்த்ததில்லை. கண்டக்டருக்குப் பழகிவிட்டது. பக்கத்து சீட்டில் இதை வைத்திருந்தால், "அக்கா, உங்களுக்குத்தான் ஃப்ரீ. இவருக்கு டிக்கெட் எடுக்கோணும்" என்பார். சிரித்துவிட்டு மடியில் எடுத்து வைத்துக்கொள்வேன்.

பெரியதுதான். கடைக்காரர் பொம்பளைகளுக்கென்று தொப்பி மாதிரி ஒன்றைத்தான் எடுத்துப்போட்டார், காது வெளியே தெரிகிற மாதிரி. நான்தான் காதெல்லாம் மூடுகிற மாதிரி வேண்டுமென்று இதைக் கேட்டு வாங்கினேன். அதற்குக் காரணம் இருக்கிறது. வருகிறேன்.

எங்களுக்கு ஒரே பெண், இந்துமதி. மாட்டு டாக்டர். செம்மடைப்புதூர் அரசாங்கக் கால்நடை மருந்தகத்தில் வேலை. எங்கள் வீட்டுக்காரர் குண்டடத்துக்குப் பக்கத்தில் புண்ணாக்குக் கடை வைத்திருக்கிறார். அப்பன் மாட்டுக்குத் தீனி போடுகிறார், மகள் ஊசி போடுகிறாள், மாடு தப்பிக்க வழியில்லை என்று ஊரில் கேலி பேசுவார்கள். எனக்குப் பெருமைதான். நான் எட்டாவதோடு நின்றவள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்து இந்தப் பஸ்ஸில்தான் போய்வந்தாள். காலையில் நிறுத்தம் வரைக்கும் நானும் கூடப் போவேன். சாப்பாட்டுப் பையை நான் தூக்கிக்கொள்வேன். பஸ் வருகிறவரைக்கும் பேசிக்கொண்டிருப்போம். பேசுவதென்ன, நான் பேசுவேன், அவள் போனைப் பார்ப்பாள். ஆனால் பக்கத்தில் நிற்பாள் இல்லையா.

மாடு பஸ் நேரம் பார்த்தா கன்று போடுகிறது? தோட்டத்துக்காரர்கள் போன் போட்டுக் கூப்பிடுவார்கள். யாராவது பைக்கில் வந்து கூட்டிப்போக வேண்டும். ஒருநாள் ஒரு சினைமாடு, இவள் போய்ச் சேர்வதற்குள் போய்விட்டது. வீட்டுக்கு வந்து சோறு உண்ணவில்லை. மறுநாள் அப்பனிடம், "எனக்கொரு வண்டி வேணும்ப்பா, கார். இட்டேரியில அடி தட்டாத மாதிரி ஒசரமா" என்றாள். இட்டேரி தெரியுமல்லவா, இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்டு நடுவில் குண்டும் குழியுமாகப் போகுமே, தோட்டத்துப் பாதை. புதுக்காருக்கு எங்கள் கை எட்டாது. பழைய வண்டி பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

அப்படித்தான் வைகாசியில், பழைய கார் விற்கிற தாமோதரனுடைய யார்டுக்குப் போனோம். இந்த ரோட்டில்தான் இருக்கிறது, வரும்போது காட்டுகிறேன். எங்கள் வீட்டுக்காரர், இந்து, மெக்கானிக் மயில்சாமி, நான். பொண்ணு பார்க்கப் போவது மாதிரி நல்ல நேரம் பார்த்து, வெற்றிலைபாக்கோடு போனோம்.

நீலக் கலர். ஜீப்புமில்லை, காருமில்லை, குட்டியாக, ஒசரமாக இருந்தது. காம்பாக்ட் எஸ்யூவி என்று இந்து சொன்னாள். அதன் பேரை நான் சொல்லமாட்டேன், என் வாயில் வேறு மாதிரி வரும், நீங்கள் சிரிப்பீர்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தர் வைத்திருந்தது. சீட்டில் கசங்கல் இல்லை. இந்த விலைக்கு இவ்வளவு பெரிய வண்டியா என்று எங்கள் வீட்டுக்காரரே தாமோதரனைச் சந்தேகமாகப் பார்த்தார்.

தாமோதரன் மறைக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். "மாடல் நின்னுபோச்சுங்கண்ணா. கம்பெனி இப்ப இதைச் செய்யறதில்ல. அதனாலதான் இந்த விலை. இதே வண்டி ஓடிட்டிருக்கற மாடலா இருந்தா நீங்க கிட்ட வரமுடியாது."

எனக்கு அங்கேயே பிடிக்காமல் போயிற்று. நல்லதாக இருந்தால் ஏன் நிறுத்துகிறார்கள்? எதையோ கண்டுதானே நிறுத்தியிருப்பார்கள்? யாருக்கோ என்னவோ ஆகியிருக்கும், வெளியில் சொல்லாமல் மூடியிருப்பார்கள். இது என் புத்திக்குப் பட்டது. கேட்டும்விட்டேன்.

மயில்சாமி வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். அங்கிருந்தே, "அக்கா, கம்பெனி செய்யறதைத்தான் நிறுத்துச்சு, ஓடறதை நிறுத்தல" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இந்து சொன்னாள் பாருங்கள், அதுதான். "உன்னையுந்தான் எட்டாவதோட நிறுத்துனாங்க. நீ ஓடலையாம்மா?"

தாமோதரன் சிரித்தார். அவர் கடையில் டீ கொண்டுவந்த பெண் சிரித்தாள். எங்கள் வீட்டுக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

வேடிக்கையாகத்தான் சொன்னாள். மனசில் ஒன்றும் கிடையாது அவளுக்கு.

வண்டியை நன்றாகத்தான் பார்த்தார்கள். குறை சொல்ல முடியாது. மயில்சாமி இஞ்சின் சூடாக இருக்கிறதா என்று மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆறிக் கிடக்கும்போதே கிளப்பினான். புகையைப் பார்த்தான். கதவு இடுக்கில் பெயிண்ட் மாறியிருக்கிறதா, கம்பளத்துக்கு அடியில் துரு இருக்கிறதா, எல்லாம் பார்த்தான். இந்து அந்தக் கம்பெனி சர்வீஸுக்கு போன் போட்டு வண்டி நம்பரைச் சொல்லி விசாரித்தாள். கடைசியில் மயில்சாமி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "இஞ்சின், கியர், பிரேக் பத்திக் கவலையே வேண்டாங்கண்ணா. இதே இஞ்சினை அந்தக் கம்பெனி வேற வண்டியிலயும் வெச்சிருக்கான், பாகம் கிடைக்கும். வெளிச்சாமான்தான் சிரமம். முன்னாடி லைட்டு, பம்பர், கண்ணாடி, இதெல்லாம் தேடி அலையோணும். திருப்பி விக்கப் போனாலும் விலை போகாது. இடிக்காம ஓட்டுனா வருசக்கணக்கா ஓடும். இடிச்சாத்தான் பிரச்சினை."

இத்தனை சொன்னானா, எனக்குக் கடைசி வரி மட்டும்தான் காதில் நின்றது. இடிச்சா.

ஓட்டிப் பார்த்தார்கள். இந்துதான் ஓட்டினாள். நான் பின்சீட்டில். காற்றாலை இறக்கையை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி போகுமே, ஒரு தெரு நீளத்துக்கு, அது எதிரில் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அவள் ஒரு கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போகிறாள். வீட்டில் அவள் பாடி நான் கேட்டதில்லை. "அப்பா, இது இருந்தா கோயமுத்தூர், பெங்களூர் எங்க வேணும்னாலும் போயிரலாம். வேலையை எங்க மாத்துனாலும் கவலையில்ல" என்றாள்.

எங்கே மாற்றினாலும்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. எதுவானாலும் செல்லாண்டியம்மனிடம் பூப் போட்டுக் கேட்டுத்தான் செய்வோம். இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. ஆத்தா காலடியில் போட்டுக் கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். தோட்டத்தில் தண்ணீருக்குப் போர் போட்டதும் அப்படித்தான், கடையை இடம் மாற்றியதும் அப்படித்தான். பொட்டலம் கட்டுவது நான். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான்தான். நந்தியாவட்டை ஒன்று, செம்பருத்தி ஒன்று. செம்பருத்தியை மொட்டாகப் பறிக்க வேண்டும். மலர்ந்ததைக் கட்டினால் பொட்டலம் பெருத்துக் காட்டிக்கொடுத்துவிடும். பூவரச இலையில் மடித்து வாழைநாரால் கட்டினால், கட்டிய எனக்கே எது எதுவென்று தெரியாது. எங்கள் வீட்டுக்காரர் என்னை வேறு எதிலும் நம்பிச் சொன்னதில்லை. இதை மட்டும், "அவ கட்டுனாத்தான் சுத்தமா இருக்கும்" என்பார்.

"ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு முன்பணம் குடுத்தரலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை. காலையில் பூப் பறிக்கப் போனேன். செம்பருத்தி ஒன்று பறித்தேன். நந்தியாவட்டைச் செடி வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே போனேன், போகாமலில்லை. போனபோது இந்து வாசலில் உட்கார்ந்து அப்பனுக்கு போனில் அந்த வண்டியின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். "பின்னாடி சீட்டை மடிச்சா சாமானெல்லாம் வெக்கலாம்ப்பா. வீடு மாத்தறதுக்கே ஆகும்" என்றாள். வீடு எதற்கு மாற்ற வேண்டும்? எங்களுக்குச் சொந்த வீடு.

திரும்பி வந்து இன்னொரு செம்பருத்தியைப் பறித்தேன்.

பார்க்காதீர்கள் அப்படி. அவள் நல்லதுக்குத்தான் செய்தேன். நின்றுபோன வண்டி, இடித்தால் பிரச்சினை என்று மெக்கானிக்கே சொல்லியிருக்கிறான். நான் வாயால் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆத்தா சொன்னால் சிரிக்கமாட்டார்கள் இல்லையா?

கோயிலில் பூசாரி எடுப்பார் என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டுக்காரர், "ஓட்டப் போறவளே எடுக்கட்டும்" என்றுவிட்டார். இந்து கண்ணை மூடிக் கும்பிட்டாள். அவள் சாமிக்கு முன்னால் அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை. எடுத்துப் பிரித்தாள். சிவப்பு.

மொட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி விடு அம்முணி, ஆத்தா வேண்டாங்கறா. அவளுக்குத் தெரியாததா?" என்றார். இன்னொரு பொட்டலம் காலடியிலேயே கிடக்கும், பூசாரி கூட்டித் தள்ளிவிடுவார், அதுதான் வழக்கம். எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. குனிந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

அன்றைக்குச் சந்தனக் கலர் சேலை. மொட்டு இடுப்பில் நசுங்கிக் கறை பிடித்திருந்தது. துவைக்கப் போட்டபோது இந்துதான் எடுத்துப் பார்த்தாள்.

"என்னம்மா இது, இடுப்புல செவப்பா?"

"குங்குமம் கண்ணு."

கறையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். அப்புறம் அவளே சோப்புப் போட்டு அலசி, கறை போகிறவரைக்கும் அலசி, காயப்போட்டாள். சொல்லக்கூடாது, வீட்டு வேலை செய்யாத பெண் அவள். அன்றைக்கு அவ்வளவு பாசமாகச் செய்தாள்.

அடுத்த வாரம் அவள் சம்பளத்தில் ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள்.

"ஆத்தா காரைத்தானே வேண்டாம்னா? ஸ்கூட்டரைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்றாள். எங்கள் வீட்டுக்காரரும், "அதுவும் சரிதான்" என்றுவிட்டார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள். காரிலாவது சுற்றிலும் தகரம் இருக்கிறது. இதில் என்ன இருக்கிறது? ஆனி போய் ஆடி வந்தது. இந்தப் பக்கத்து ஆடிக்காற்று உங்களுக்குத் தெரியும்தானே, நிற்கிற ஆட்டையே நகர்த்தும். அந்தக் காற்றில், அந்த ரோட்டில், இறக்கை லாரிகளுக்கு நடுவில் என் பெண் ஸ்கூட்டரில் போகிறாள். நான் வீட்டில் அடுப்பில் எதை வைத்தேன், எதை இறக்கினேன் என்று தெரியாமல் நிற்கிறேன்.

ஒருநாள் சாயங்காலம் முழங்கையெல்லாம் சிராய்த்துக்கொண்டு வந்தாள். லாரிக் காற்று தள்ளி ரோட்டோரச் சரளையில் விழுந்திருக்கிறாள். அவளே மருந்து போட்டுக்கொண்டிருந்தாள், மாட்டுக்குப் போடுகிற மருந்தோ என்னவோ. எங்கள் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "ஸ்கூட்டர்லயே இப்படின்னா அந்தக் கார்ல போயிருந்தா என்ன ஆயிருக்கும்! ஆத்தா காப்பாத்திட்டா" என்றார். மறுநாள் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் தேங்காய் உடைத்தார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆத்தா முகத்தைப் பார்க்க முடியவில்லை. தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அதற்கப்புறம் இன்றைக்கு வரைக்கும் தூணுக்குப் பின்னால்தான் நிற்கிறேன்.

இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "ஒருக்கா சொன்னதை மறுபடியும் கேட்டா ஆத்தாளைச் சந்தேகப்படற மாதிரி ஆயிரும்" என்று அதட்டினார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். எப்படிச் சொல்வது? இதைச் சொன்னால் அவர் மற்றதையெல்லாம் கேட்பார். போர் போட்டது, கடை மாற்றியது, எல்லாம் என் கைப் பொட்டலம்தானே. அதிலெல்லாம் நான் ஒன்றும் செய்யவில்லை, சத்தியமாக. போன வருஷம் இந்துவுக்கு பெங்களூரிலிருந்து ஒரு வரன் வந்தது, அதற்கும் பூப் போட்டோம்... அதை விடுங்கள். அது வேறு.

தாமோதரன் யார்டுக்கு ஒருநாள் தனியாகப் போனேன். வண்டியை வேறு யாராவது எடுத்துவிட்டார்களா பார்க்கலாம் என்று. அவர் என்னைப் பார்த்ததும் நாற்காலி போட்டார். "வாங்கக்கா. வண்டி நிக்குது. நின்னுபோன மாடல்னு பாதிப்பேரு வரமாட்டாங்க. மீதிப்பேரும் இப்ப வர்றதில்ல. ஆத்தாளே வேண்டாம்னுட்டாளாம்னு அண்ணன் கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டாரு. நேத்து ஒருத்தர் உள்ள ஏறி உக்காந்தவரு, இந்த வண்டிதானான்னு கேட்டு, செருப்பைக்கூட மாட்டாம எறங்கிட்டாருக்கா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடித்தேன். அவருக்கு இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது இந்து சொன்னாள். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்தான் சொன்னாள்.

"இன்னொருக்கா கேக்கலாமாம்மா? இந்தத் தடவை பொட்டலத்தை நான் கட்டறேன்."

எனக்குக் கரண்டி கைநழுவிவிட்டது. "அதெல்லாம் கூடாது, ஆத்தா கோவிச்சுக்குவா" என்றேன். "சரிம்மா" என்று எழுந்து போய்விட்டாள். அவளுக்கென்ன திடீரென்று பொட்டலம் கட்டுகிற ஆசை? சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், எதைப் பார்த்தாலும் தானே செய்ய வேண்டும்.

அதற்கு மறுநாள்தான் இந்த ஹெல்மெட்டை வாங்கினேன். அதற்கு மறுநாளிலிருந்து அவளோடு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகிறேன். காலையில் அவளோடு மருந்தகம் வரைக்கும் போய், இறங்கிக்கொண்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து சமைப்பேன். சாயங்காலம் இதோ இப்படிப் பஸ்ஸில் போய், அவளோடு ஸ்கூட்டரில் திரும்புவேன். துணைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். ஊரில் சிரிக்கிறார்கள். அவளும் முதலில் கத்தினாள். "எந்த ஊர்ல டாக்டர் அம்மாவைப் பின்னாடி வெச்சுக்கிட்டு வர்றா?" என்றாள். இப்போது விட்டுவிட்டாள். நான் பின்னால் இருந்தால் மெதுவாகத்தான் ஓட்டுகிறாள். என் கனத்துக்கு வண்டியும் காற்றில் அவ்வளவாக அலையாது. ஆத்தா தண்டிக்க வேண்டியவள் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஆத்தாளுக்கும் தெரியும்.

வண்டியில் போகும்போது அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். "மூச்சு முட்டுதும்மா, கொஞ்சம் விடு" என்பாள். இத்தனை வருஷத்தில் அவளை அப்படிப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்ததில்லை. வெட்கக்கேடு, இதையெல்லாம் உங்களிடம் சொல்கிறேன்.

இதோ, யார்டு வருகிறது. உங்கள் பக்கத்து ஜன்னல்தான். நீலக் கலர், மூலையில், வேப்பமரத்துக்குக் கீழே. நிற்கிறதா? நிற்கிறது. தினமும் பார்த்துக்கொள்வேன். நிற்கிற வரைக்கும் எனக்கு ஒரு தைரியம். நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று இருக்கலாம் இல்லையா.

தினமும் திரும்பி வரும்போது, சரியாக இந்த யார்டுக்கு நேராக வந்ததும், இந்து வேகத்தைக் குறைப்பாள். தலையைப் பாதி திருப்பி என்னிடம் ஏதோ கேட்பாள். ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன். நீளமான கேள்வியில்லை. காற்று இரைச்சல், இந்த ஹெல்மெட்டுக்குள் காது வேறு அடைத்துக்கொண்டிருக்கிறது. "கேக்கலை கண்ணு, காத்து!" என்று கத்துவேன். கொஞ்ச தூரம் அப்படியே மெதுவாகப் போவாள். அப்புறம் முன்னால் பார்த்து ஓட்ட ஆரம்பித்துவிடுவாள்.

அடுத்த நிறுத்தம் என்னுடையது. அதோ, புளியமரத்தடியில் ஸ்கூட்டரோடு நிற்கிறாள் பாருங்கள், அதுதான் என் பெண். இறங்குவதற்கு முன்னாலேயே நான் இதை மாட்டிக்கொண்டுவிடுவேன். கொஞ்சம் பிடியுங்கள். இந்தக் கொக்கி மட்டும் எனக்குப் படியாது, நீங்கள் மாட்டிவிடுகிறீர்களா? ஆங், அதுதான்.

இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். வலித்தால் பரவாயில்லை. நீங்கள் இப்போது என்ன சொன்னீர்கள்? கேட்கவில்லை. சரி, இது போதும்.